தண்ணீர் தனியாக வாங்கிக்கொள்ளவும்

கோவில்பட்டியில் கடலைமிட்டாய் போடுகிறவனுக்கு மரியாதை உண்டு. 2020-இல் அதற்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிறவனுக்கும் மரியாதை உண்டு. ஹாக்கி மட்டையோடு திரிகிற பையனைக்கூட, 'இவன் என்றைக்காவது ரயில்வேயில் சேர்ந்துவிடுவான்' என்று ஊர் பொறுத்துக்கொள்ளும். படகு கட்டுகிறவனை என்ன செய்வது என்பதுதான் இந்த ஊருக்கு இதுவரை தெரியாமல் இருந்தது. என்னை வைத்துத் தெரிந்துகொண்டது.

பெரிய படகு என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டடி நீளம், பால்சா மரம், ரிமோட்டில் ஓடுவது. ஏழாவது படிக்கிற மகன் ரிமோட் கார் கேட்டான். அதை வாங்கிக் கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை, உங்களுக்கும் பத்து நிமிஷம் மிச்சம். நான்தான், "கார் எல்லாரும் வாங்குறான். நாமளே ஒரு படகு செய்வோம்டா" என்றேன். 'நாமளே செய்வோம்' என்பது எங்கள் வீட்டில் மிகவும் செலவு பிடித்த வாக்கியம். போன தடவை அதைச் சொன்னபோது மொட்டைமாடியில் ஒரு சூரிய அடுப்பு வந்து உட்கார்ந்தது. இப்போது அதில் புறா குடியிருக்கிறது.

பையன் முகத்தில் சந்தோஷம் எதுவும் தெரியவில்லை. "படகா? எங்கப்பா விடுறது?" என்றான். நல்ல கேள்வி. நல்ல கேள்விக்குத் தகப்பன்மார் சொல்கிற பதிலை நானும் சொன்னேன்: "மொதல்ல போய்ப் படி."

வீட்டம்மாவிடம் விஷயத்தை வரலாற்று வழியாகக் கொண்டுபோனேன். "வ.உ.சி. எந்த ஊரு? ஒட்டப்பிடாரம். நம்மளாட்டம் கரிசக்காடு. அங்க என்ன கடலா அடிக்குது? 1906-ல சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சு, காலியா, லாவோன்னு ரெண்டு கப்பலக் கொண்டாந்து, தூத்துக்குடியிலேர்ந்து கொழும்புக்கு விட்டாரு. ஜெயிலுக்குப் போயி, செக்கிழுத்து, எல்லாத்தையும் இழந்து, பின்னால நம்ம கோவில்பட்டியில வக்கீல் தொழிலும் பார்த்தாரு. கப்பல் ஆசை இந்த மண்ணுலயே இருக்கு" என்றேன்.

அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அவரு வெள்ளைக்காரனுக்கு எதிரா விட்டாரு. நீங்க யாருக்கு எதிரா விடப்போறீங்க?"

வாய்வரை வந்த பதிலை விழுங்கிவிட்டேன். ராத்திரிச் சாப்பாடு இன்னும் ஆகவில்லை.

பால்சா நம் பக்கத்து மரம் இல்லை. உலகத்துக்குப் பெரும்பாலும் ஈக்வடாரிலிருந்து வருகிறது. வேகமாக வளர்ந்து, ஆறேழு வருஷத்தில் வெட்டுக்கு வந்துவிடும். ஒரு கன மீட்டர் தேக்கு 600 கிலோவுக்கு மேல் நிற்கும். பால்சா சுமார் 160 கிலோதான். கூரியர் பையன் பார்சலைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "சார், உள்ள ஒண்ணும் இல்லன்னு நெனைக்கேன். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி பிரிச்சுப் பாத்துருங்க" என்றான். பிரித்தேன். மூன்றடி நீளத்தில் பலகைகள் இருந்தன, அப்பளக் கனத்தில். மொத்தக் கனமும் பில்லில் இருந்தது.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி தீப்பெட்டி ஆபீஸிலேயே தலை நரைத்தவர். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கையை நீட்டினார். ஒரு துண்டைக் கொடுத்தேன். நகத்தால் கீறினார், மோந்து பார்த்தார், வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

"பெருமரமா?"

"இல்ல அண்ணாச்சி, பால்சா. வெளிநாட்டு மரம்."

"குச்சிக்கு ஆகுமா?"

"இது குச்சிக்கு இல்ல."

"அப்ப பெட்டிக்கா?"

அவருடைய உலகத்தில் மரம் இந்த இரண்டுக்கு மேல் எதற்கும் ஆகாது. "படகுக்கு" என்றேன். துண்டைச் சுவர்மேல் மெல்ல வைத்தார். "வீட்ல தங்கச்சிக்குத் தெரியுமா?" என்றார்.

தெரியும் என்றதும் விலையைக் கேட்டார். நான் பாதியைச் சொன்னேன். அதற்கே கண்ணை மூடிக்கொண்டார். "ஒத்த ரூபாய்த் தீப்பெட்டிய ரெண்டு ரூபா ஆக்குறதுக்கு எங்களுக்கு எத்தன வருஷம் ஆச்சு தெரியுமா? 2007-லேர்ந்து 2021 வரைக்கும். பதினாலு வருஷம். ராமரு காட்டுக்குப் போயிட்டு வந்துட்டாரு. நீங்க ஒரு மத்தியானத்துல இம்புட்டையும் விட்டுட்டு நிக்கீங்களே!"

இது சாதாரண மரம் இல்லை என்று அவருக்குப் புரியவைக்கப் பார்த்தேன். காற்றாலை இறக்கைக்குள் உலகமெங்கும் பால்சாவை வைக்கிறார்கள். கயத்தாறு பக்கம் சுற்றுகிறதே, அந்தச் சாமான்தான். இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்துக்காரன் விட்ட மஸ்கிட்டோ விமானத்தின் உடம்பிலும் பால்சா இருந்தது. 1947-இல் நார்வேக்காரர் தோர் ஹெயர்டால் பால்சாக் கட்டைகளைக் கயிற்றால் கட்டி, கோன்-டிக்கி என்று பெயர் வைத்து, ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு பெருவிலிருந்து பசிபிக்கில் இறங்கினார். கட்டை தண்ணீரைக் குடித்து முங்கிவிடும் என்று படித்தவர்கள் சொன்னார்கள். 101 நாள் மிதந்து பாலினீசியத் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "அவருக்குக் கல்யாணம் ஆயிருந்துச்சா?"

"ஆயிருந்துச்சு."

அந்தக் கல்யாணம் நிலைக்கவில்லை என்பதை நான் சொல்லவில்லை. வரலாற்றில் எல்லாவற்றையும் எல்லாரிடமும் சொல்லிவிடக் கூடாது.

வேலை ஆரம்பமாயிற்று. தூத்துக்குடியில் இருக்கிற மச்சினன் தோணி கட்டுகிற இடத்தைச் சின்ன வயசிலிருந்து பார்த்தவன். போனில் முகத்தைக் காட்டி, "அத்தான், மொதல்ல ஏராக்கட்டையப் போடுங்க. அதுதான் முதுகெலும்பு. அப்புறம் விலாவுக்கு வங்கு. முன்பக்கம் அணியம்" என்று பாடம் நடத்தினான். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பால்சாவை வெட்டக் கத்தியே போதும். வாழைத்தண்டு நறுக்கத் தெரிந்தவன் படகும் கட்டலாம். ஆனால் வளைக்கும்போதுதான் மரம் தன் சுபாவத்தைக் காட்டும். நனைத்து, பதமாக வளைத்து, குண்டூசி குத்திக் காயவிட வேண்டும். பதம் தப்பினால் 'டப்' என்று ஒரு சத்தம். அது கேட்டால் பில்லில் ஒரு வரியை அடித்துவிட வேண்டியதுதான். ஒரு வழியாகப் படகு வடிவம் என்று ஒன்று வந்ததும் மச்சினனுக்குப் படம் அனுப்பினேன். வெகுநேரம் கழித்துக் கூப்பிட்டான். "அத்தான், எங்க ஊர்ப் பழைய மேஸ்திரிங்க வரைபடமே இல்லாமத் தோணி கட்டுவாங்க" என்றான். பெருமையாக, "நான் வரைபடம் பார்த்துத்தான்டா மாப்ள கட்டுனேன்" என்றேன். "வரைபடம் இருந்துமா?" என்றான்.

பால்சாவை ஒட்ட, நொடியில் பிடிக்கிற பசை ஒன்று இருக்கிறது. மரத்தை ஒட்டும். மரத்தைவிட நன்றாக மனுஷனை ஒட்டும். ஒருநாள் என் வலது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றாகி, சுத்தமான சின்முத்திரை அமைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து கேஸ் சிலிண்டர் வந்தது. கையை உயர்த்தியபடி வாசலில் நின்ற என்னை அந்தத் தம்பி கும்பிட்டான். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த வீட்டம்மா, "கழுகுமலை வெட்டுவான் கோயில்ல ஒரு தட்சிணாமூர்த்தி இருக்காரு, அவராச்சும் உருப்படியா மிருதங்கம் வாசிக்காரு" என்றுவிட்டு, பணத்தை எண்ணிக் கொடுத்தாள்.

இந்தப் பசையைக் கரைப்பது அசிட்டோன். அசிட்டோன் இருப்பது நகப்பூச்சு அழிக்கிற திரவத்தில். நகப்பூச்சு இருப்பது எதிர்வீட்டில் கல்லூரிக்குப் போகிற பெண்ணிடம். நரைத்த மீசையோடு அந்த வாசலில் போய் நின்று, "கண்ணு, நகப்பூச்சு அழிக்கிறது கொஞ்சம் இருக்குமா?" என்று கேட்டவன் கோவில்பட்டியில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அவள் பாட்டிலோடு பஞ்சும் கொடுத்து, "எந்தக் கலர் அங்கிள்?" என்று கேட்டாள்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது தனிக் கதை. பால்சாத் தூள் பறக்கும், இறங்காது. ஒரு வாரம் எங்கள் வீட்டு மோரில் ஈக்வடார் மிதந்தது. மாடியில் காய்ந்த கூழ்வற்றலுக்கு உப்பு போதவில்லை என்று யாரும் சொல்லவில்லை. மரம் அதிகம் என்று சொன்னார்கள்.

பிறகு உள்ளும் புறமும் எபாக்ஸிப் பிசின் பூசினேன். பூசாவிட்டால் பால்சா தண்ணீரைக் குடித்துக் குடித்துப் பருத்துவிடும். பின்னால் சுக்கான், அதைத் திருப்ப சர்வோ என்று ஒரு குட்டி மோட்டார். விசிறியைச் சுற்றுகிற தண்டு படகின் அடிவழியாக வெளியே போகும் இடத்தில் ஒரு குழாய். தண்ணீர் உள்ளே ஏறாமலிருக்க அதில் கிரீஸ் அடைக்க வேண்டும். சைக்கிள் கடையில் போய்க் கொஞ்சம் கிரீஸ் கேட்டேன். எதுக்கு என்றார், சொன்னேன். நான் வீடு திரும்புவதற்குள் செய்தி பஜாரைத் தாண்டிப் பெரிய கோயில் வாசல்வரை போய்விட்டது. செண்பகவல்லி அம்மன் சந்நிதியில் ஒருவர் என்னை நிறுத்தி, "கொழும்புக்கு எப்ப சார் டிக்கெட் போடுறீங்க?" என்றார்.

தரையில் வைத்தால் படகு இடப்பக்கம் சாய்ந்தது. பேட்டரி அந்தப் பக்கம். வலப்பக்கம் எடை வைக்க வேண்டும் என்று படகு கட்டச் சொல்லித்தரும் புத்தகம் சொல்கிறது. கப்பல்காரர்கள் இதற்கென்று பாரம் ஏற்றுவார்கள். ஈயக் குண்டுக்கு எங்கே போக? அளவெடுத்து வெட்டினாற்போல் கையில் கிடைத்தது கடலைமிட்டாய்தான். பாலிதீனில் சுற்றி உள்ளே அடுக்கினேன். அற்புதமாக நிமிர்ந்தது. மறுநாள் காலையில் மறுபடி சாய்ந்திருந்தது. எபாக்ஸியா, மரமா என்று மத்தியானம்வரை ஆராய்ந்தேன். பையன் பக்கத்தில் நின்று, என் ஆராய்ச்சிக்கு வேண்டிய ஒத்தாசை எல்லாம் செய்தான். அவன் வாயோரத்தில் வெல்லப்பாகு இருந்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பார்சலோடு ஒரு சாமான் பட்டியல் வந்தது. பால்சா, தண்டு, விசிறி, சர்வோ, பேட்டரி, ரிசீவர் என்று ஆணிவரைக்கும் அதில் இருந்தது. தண்ணீர் இல்லை.

எங்களுக்குக் குடிதண்ணீர் சீவலப்பேரியிலிருந்து வருகிறது. தாமிரபரணியில் எடுத்து, குழாய்வழியாகக் கோவில்பட்டிக்கு. குழாயில் தண்ணீர் வருகிற நாளுக்கு எங்கள் தெருவில் தீபாவளிக்குரிய மதிப்பு உண்டு. அன்றைக்கு யாரும் வெளியூர் போக மாட்டார்கள். அப்படி வந்த தண்ணீரைத் தரைத்தொட்டியில் சேர்த்து, மூடி போட்டு, மூடிமேல் கல்லும் வைத்திருக்கிறோம். தண்ணீர் வந்த மறுநாள் வீட்டம்மா சந்தைக்குப் போயிருந்தாள். கல்லை நகர்த்தினேன்.

படகு மிதந்தது ஐயா! தாமிரபரணியில் என் படகு மிதந்தது. குனிந்து, தலையைத் தொட்டிக்குள் விட்டு, ரிமோட்டைத் திருகினேன். விசிறி சுற்றியது. சைக்கிள் கடைக் கிரீஸ் மெல்லக் கழன்று, தண்ணீர்மேல் ஏழு வர்ணமும் காட்டியது. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

தலையைத் தொட்டியிலிருந்து எடுக்காமலே வாதாடினேன். "உலகத்துல ரேடியோவுல ஓடின மொத சாமானே படகுதான். 1898-ல, நியூயார்க்ல, டெஸ்லா. ஒரு கட்டடத்துக்குள்ள தொட்டி கட்டித்தான் விட்டுக் காட்டுனாரு. படகுக்குள்ள குரங்கு ஒளிஞ்சிருக்குன்னுகூட ஜனங்க நெனச்சாங்களாம்."

"அந்தத் தொட்டித் தண்ணியில யாரும் சோறு பொங்கல. இந்தத் தொட்டியில குரங்கு தலைய விட்டுக்கிட்டு வெளியவே நிக்குது" என்றாள்.

தொட்டியை இறைத்துக் கழுவினேன். அடுத்த தண்ணீர் வரும்வரை தெருக்குழாயில் குடத்தோடு வரிசையில் நின்றேன். அந்த வரிசையில் ஆம்பிளை நான் மட்டும்தான். முன்னால் நின்ற அக்கா ஒருவர் இரக்கப்பட்டு எனக்கு இடம் விட்டார். அவருக்குப் பின்னால் நின்றவர், "விடுங்கக்கா, அவருகிட்டதான் படகு இருக்குல்ல, தாமிரவருணிக்கே போயி மோந்துட்டு வருவாரு" என்றார்.

ஆக, மழைக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இறங்கி, ஊருக்கு வெளியே ஒரு கண்மாயில் தண்ணீர் நின்றது. போனோம்: நான், பையன், அண்ணாச்சி, முடிவைப் பார்த்துவிடுவது என்று வீட்டம்மா. கரிசல் மண்ணைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கோடையில் வெடித்து, கைநுழைகிற அகலத்துக்குப் பிளந்து கிடக்கும். நனைந்தால் உப்பிக்கொண்டு பசையாகிவிடும். ஒவ்வொரு எட்டுக்கும் செருப்பில் ஒரு வரிசை மண் ஏறும். கண்மாய்க்கரைக்கு வருவதற்குள் என் உயரம் கண்ணுக்குத் தெரிகிற அளவில் கூடியிருந்தது. இடது செருப்பு வழியிலேயே தங்கிவிட்டது. நான் வாங்கிய அத்தனை பசையிலும் இந்த மண்தான் நன்றாக ஒட்டியது; ஓசியும்கூட.

ஆட்டுக்காரத் தாத்தா ஒருவர் தொரட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தார். படகை இறக்கினேன். கிளம்பிற்று. பொய் சொல்லவில்லை, அழகாகக் கிளம்பிற்று. தண்ணீரை இரண்டாகப் பிளந்துகொண்டு நடுக்கண்மாய்வரை போனது. பையன் கத்தினான். அண்ணாச்சி துண்டைத் தோளிலிருந்து எடுத்து வீசினார். திருப்பிக் கொண்டுவரலாம் என்று திருகினேன். அங்கேதான் சிக்கல். படகு நம்மைவிட்டுப் போகும்போது ரிமோட்டில் வலது என்றால் வலது. நம்மைப் பார்த்து வரும்போது வலது என்றால் நம் கண்ணுக்கு இடது. நான் வலது பக்கம் திருப்பத் திருப்ப அது இடது பக்கம் பாய்ந்தது. அதிகமாகத் திருப்பினேன். அதிகமாகப் பாய்ந்தது.

"படகுக்குள்ள நீங்களே உக்காந்திருக்கதா நெனச்சுக்கிட்டுத் திருப்புங்க" என்றாள் வீட்டம்மா. இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் சொல்கிற யோசனையும் இதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் அந்தப் படகுக்குள் உட்கார்ந்திருப்பதாக நினைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. கட்டியவன் யார் என்று தெரியுமே.

கண்மாய்க்குள் ஒரு மூலையில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. எங்கள் பக்கத்தில் கண்மாய் என்றால் பாதி தண்ணீர், பாதி அதுதான். படகு எல்லா இடத்தையும் விட்டுவிட்டு அதற்குள் போய்ச் சொருகியது. யோசித்துப் பார்த்தால் அதைக் குற்றம் சொல்ல முடியாது. சீமைக்கருவேலமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம். பால்சாவும் அங்கேயிருந்து வந்ததுதான். அத்தனை கடல் தாண்டி வந்து, கோவில்பட்டிக் கண்மாயில் ஊர்க்காரனைப் பார்த்தால் யார்தான் கட்டிக்கொள்ள மாட்டார்கள்?

கட்டிக்கொண்டதில் ஒரு முள் எபாக்ஸி, பால்சா, கடலைமிட்டாய் மூன்றையும் தாண்டி உள்ளே போயிருந்தது. படகு சாய்ந்து ரிசீவர் ஒயர் தண்ணீருக்குள் முங்கியதும் ரிமோட்டும் செத்தது; ரிமோட் அனுப்புகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். அந்த ஒயரைப் படகின் மேல்தளத்துக்குமேல் நிமிர்த்தி வைக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது, நான் இன்னும் போய்ச் சேராத பக்கத்தில்.

கடைசியில் தாத்தாதான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஆட்டுக்குக் கொப்பு இழுக்கிற தொரட்டியால் அணியத்தில் ஒரு கொக்கி போட்டார். ஈக்வடார் மரம், நியூயார்க் யுக்தி, கோவில்பட்டித் தொரட்டி; மூன்றும் சேர்ந்து கரைக்கு வந்தன. கையில் வாங்கித் தூக்கிப் பார்த்து, "கனமே இல்லயேய்யா" என்றார். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது மீன் புடிக்குமா?" என்றார். பிடிக்காது என்றேன். "ஆளு ஏத்துமா?" ஏத்தாது. கொஞ்சநேரம் யோசித்தார். "சரி, போயிட்டுத்தான் வந்துச்சுல்ல" என்று சொல்லிவிட்டு ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டார். இதுவரை என் படகுக்குக் கிடைத்த ஒரே நற்சான்றிதழ் அதுதான்.

ஓட்டையை அடைத்தாகிவிட்டது. ஒயரையும் நிமிர்த்திவிட்டேன். கண்மாயில் இப்போது கெண்டைக்கால் தண்ணீர்கூட இல்லை. ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பக்கம் தண்ணீரும் இருந்து, கருவேலமும் இல்லாத கண்மாய் ஏதாவது இருந்தால் தயவுசெய்து ஒரு வரி எழுதிப் போடுங்கள். பஸ் செலவு என்னுடையது. பாரத்துக்கு வைக்கிற கடலைமிட்டாயில் பாதி உங்களுக்கு.